சேலம் ஜெயிலில் இருப்பவரோடு தொடர்பு விட்டுப்போகாமல் இருக்க: மனு, போன், கடிதம், பணம் – முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒருவர் ரிமாண்டுக்குப் போன முதல் வாரத்தில் குடும்பத்துக்குக் கை கால் ஓடாது. யாரோ சொன்னதைக் கேட்டு மத்திய சிறை இருக்கும் அஸ்தம்பட்டிக்கு ஓடுவார்கள், மனு (உள்ளே இருப்பவரைப் பார்த்துப் பேசுவது) இல்லாத நாளில் போய் நிற்பார்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆளைப் பார்க்காமலே திரும்புவார்கள். பல நேரம் காரணம் சின்னதாக இருக்கும்: பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அட்டை ஒன்று வீட்டிலேயே இருந்திருக்கும், தேதி தப்பாகியிருக்கும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் இரண்டு படிகளைத் தாண்டிக் குதித்தால் மற்ற எல்லாம் அங்கேயே வந்து முட்டும்.

1. எந்த ஜெயில் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

"சேலம் ஜெயில்" என்று போலீஸ்காரர் வாய்ச்சொல்லாகச் சொன்னால் அது அஸ்தம்பட்டி மத்திய சிறையாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆத்தூர், ஓமலூர் போன்ற ஊர்களில் கிளைச் சிறைகள் இருக்கின்றன. பெண்களைத் தனிச் சிறையில்தான் வைப்பார்கள். 18 வயது முடியாத பையன் என்றால் ஜெயிலுக்கே அனுப்பக் கூடாது. கூர்நோக்கு இல்லத்துக்குத்தான் அனுப்புவார்கள், அங்கே பார்க்கும் முறையே வேறு.

கைது செய்தால் அந்த விவரத்தையும், ஆளை வைத்திருக்கும் இடத்தையும் உறவினருக்கோ, கைதானவர் சொல்லும் ஒருவருக்கோ போலீஸ் உடனே தெரிவித்தாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 48-வது பிரிவு இது. வழிப்பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தவும் வேண்டும். அதனால் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரிடம் நான்கே கேள்வி கேளுங்கள்: குற்ற எண் என்ன, எந்தெந்தப் பிரிவு, எந்தக் கோர்ட்டில் ரிமாண்ட், எந்த ஜெயிலுக்கு அனுப்பினீர்கள். பதிலை அங்கேயே நின்று எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டு இல்லாத குற்ற எண்ணால் பயன் இல்லை. 112 என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் எந்த வருஷத்து 112 என்று தேட வேண்டியிருக்கும்.

2. ஒரு நோட்டு வாங்கி இந்த விவரங்களை முதல் பக்கத்தில் எழுதுங்கள்

இந்தப் பக்கம் சரியாக இருந்தால் மனு, கடிதம், பணம், சட்ட உதவி எல்லாவற்றுக்கும் இதுவே போதும்.

ஜெயில் பதிவில் உள்ளபடி பெயர். அப்பா அல்லது கணவர் பெயர். சிறைவாசி எண். விசாரணைக் கைதியா, தண்டனைக் கைதியா, குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவரா. ஸ்டேஷன், குற்ற எண், ஆண்டு. கோர்ட், அடுத்த வாய்தா தேதி. வக்கீல் பெயர், போன்.

இதில் "ஜெயில் பதிவில் உள்ளபடி" என்பதுதான் உயிர். ஆதாரில் "ராஜா" என்று இருப்பவர் ரிமாண்ட் காகிதத்தில் "ராஜா என்கிற ராஜமாணிக்கம்" என்று ஏறியிருப்பார். வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னால் அப்படி ஒருத்தர் இல்லை என்றுதான் பதில் வரும். மலைக் கிராமங்களில் ஒரே பெயரில் ஏழெட்டுப் பேர் இருப்பது சகஜம், ஆகவே அப்பா பெயரைச் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள். ஆன்லைன் பதிவில் பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டியிருக்கும். வக்கீலிடம் உள்ள ரிமாண்ட் நகலைப் பார்த்து, அதில் உள்ள எழுத்துக்கூட்டல் எதுவோ அதையே அடியுங்கள்.

சிறைவாசி எண் முதல் நாளே கிடைக்காது. முதல் மனுவில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தீர்ப்பாகித் தண்டனைக் கைதியானால் எண் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய ரிமாண்ட் எண்ணைப் போட்டுக் கடிதம் எழுதிவிட்டு, போய்ச் சேரவில்லை என்று வருத்தப்படுபவர்கள் உண்டு.

3. யார் பொறுப்பு என்பதை வீட்டில் முடிவு செய்யுங்கள்

ஒருவரை மட்டும் பொறுப்பாக வையுங்கள். அம்மா ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம் தனித்தனியாகப் பதிவு செய்தால் ஒருவர் போட்ட மனு அந்த வாரக் கணக்கைத் தின்றுவிடும். மனைவி குழந்தையோடு வந்து நிற்கும்போது "நேற்றே உங்கள் வீட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டார்களே" என்பார்கள். அந்தச் சண்டை வாசலிலேயே நடப்பது இன்னும் கொடுமை. நோட்டு யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்லும் நாளில்தான் மற்றவர்கள் போக வேண்டும்.

தேவையான ஆவணங்கள்: போகிற ஒவ்வொரு பெரியவருக்கும் அசல் ஆதார் அட்டையும் அதன் இரண்டு நகலும். உறவைக் காட்ட ரேஷன் கார்டு. கல்யாணத்தைப் பதிவு செய்யாத மனைவிக்கு ரேஷன் கார்டில் பெயர் இருந்தால் அதுவே பெரிய பலம். பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருந்தால், குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கும், அதை எடுத்துப் போங்கள். இரண்டும் இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் உறவைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்குங்கள். ஆதாரில் ஒரு முகவரியும் ரேஷன் கார்டில் வேறு முகவரியும் இருந்தால் கேள்வி வரும். பயப்பட வேண்டாம், இரண்டையும் காட்டி நடந்ததைச் சொன்னால் போதும்.

நண்பர்கள் முதல் மாதம் காத்திருக்கட்டும். மனு எண்ணிக்கை குறைவு. அதை வீட்டாருக்கு விடுவதுதான் நியாயம்.

4. மனு பதிவு செய்வது

ஜெயிலில் இதை நேர்காணல் என்பார்கள். ஊரில் எல்லோரும் மனு என்றுதான் சொல்கிறோம். விசாரணைக் கைதிக்கும் தண்டனைக் கைதிக்கும் மனு நாட்களும் எண்ணிக்கையும் ஒன்றல்ல. அதனால் பதிவுக்கு முன்பே ஜெயிலுக்குப் போன் செய்து, இவர் இந்த வகை, இவருக்கு எந்தெந்த நாள், வாரத்துக்கு எத்தனை, எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் சொன்ன நாளை நம்பிப் போகாதீர்கள்.

ஆன்லைனில் பதிய, தேசிய சிறைகள் தகவல் தளத்தில் இ-முலாகாத் என்ற பகுதி இருக்கிறது. முதல் பாதி பார்க்க வருபவரைப் பற்றியது: பெயர், அப்பா பெயர், முகவரி, வயது, அடையாள அட்டை வகை, எண், போன், மின்னஞ்சல், கூட வருபவர்கள், தேதி. இரண்டாம் பாதி உள்ளே இருப்பவரைப் பற்றியது: மாநிலம், ஜெயில், பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், உறவு. நேரில் பார்ப்பதா, வீடியோவிலா என்பதையும் அங்கேயே தேர்வு செய்ய வேண்டும்.

இங்கே நடக்கும் தவறுகள் மூன்று. முதலாவது, இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ பதியும்போது கடைக்காரர் தன் போன் எண்ணையோ மின்னஞ்சலையோ போட்டுவிடுவார். ஓ.டி.பி. சீக்கிரம் வரும் என்று அவர் நினைப்பார், ஆனால் மனு ஏற்கப்பட்டதா இல்லையா என்ற செய்தியும் அவருக்கே போய்விடும். உங்கள் எண்ணைப் போடச் சொல்லி, அடித்து முடித்ததும் திரையில் ஒரு முறை படித்துப் பாருங்கள். இரண்டாவது, பெயர்ப் பட்டியலில் தேடும்போது முதலில் வரும் பெயரை அழுத்திவிடுவது. அப்பா பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் அழுத்தாதீர்கள். மூன்றாவது, பதிவு எண் வந்ததையே அனுமதி என்று எடுத்துக்கொள்வது. பதிந்தது வேறு, ஜெயில் ஏற்றுக்கொண்டது வேறு. ஏற்றதாகத் தகவல் வந்த பிறகே பஸ் ஏறுங்கள்.

வீடியோ மனு நேர் மனுவுக்கு மாற்று என்று நினைக்க வேண்டாம். ஆனால் ஏற்காட்டுக்கு மேலே நாகலூர், மாரமங்கலம் பக்கமிருந்து வயதான அம்மா வர வேண்டுமானால் ஒரு முழு நாளும் கூலியும் போகும். அவருக்கு வீடியோ, மனைவிக்கு நேர் மனு என்று பிரித்துக்கொள்வது நல்லது. சிக்னல் எந்த இடத்தில் நிற்கிறது என்று முந்தின நாளே அதே நேரத்தில் ஒரு வீடியோ கால் போட்டுச் சோதித்துவிடுங்கள். காப்பித் தோட்டத்துச் சரிவுக்குள் நின்றால் படம் உறைந்துபோகும். ஏற்காடு டவுனுக்கு இறங்கி வந்துவிடுவது பத்திரம்.

5. மனு நாளன்று

ஏற்காட்டிலிருந்து இறங்கும் சாலை அடிவாரம், கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டிக்கு வந்து சேரும். அதனால் மலையிலிருந்து வருபவர்கள் புதிய பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பி வர வேண்டாம். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக அஸ்தம்பட்டியில் இருக்கும்படி கிளம்புங்கள். மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் மண் சரிந்து போக்குவரத்து நிற்பது உண்டு. விடாமல் மழை பெய்தால் குப்பனூர் வழியையும் விசாரித்து வையுங்கள்.

போன், பவர் பேங்க், பீடி, சிகரெட், தீப்பெட்டி, ஹான்ஸ் புகையிலை, சின்னக் கத்தி, ப்ளேடு எதுவும் பையில் இருக்கக் கூடாது. வெற்றிலைப் பை வைத்திருக்கும் பாட்டிமார்களிடம் பாக்குவெட்டி இருக்கும், அதையும் பாருங்கள். தடை செய்த பொருளை உள்ளே கொண்டுபோவது தண்டனைக்குரிய குற்றம். "அவன் கேட்டான்" என்பது பதிலாகாது. கொண்டுவந்தவர் மேல் வழக்கு வரும், உள்ளே இருப்பவருக்கு மனு நிறுத்தப்படும்.

நேரம் குறைவு. சுற்றிலும் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், குரல் கேட்காது. முதல் மனுவில் பாதி நேரம் அழுகையிலேயே போய்விடும். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். அதனால்தான் கேட்க வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதிப் போக வேண்டும். முதல் சீட்டு இப்படி இருக்கட்டும்:

உடம்பு எப்படி, அடி ஏதாவது பட்டிருக்கிறதா. 
என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், அங்கே கொடுக்கிறார்களா. 
சிறைவாசி எண் என்ன, எந்த பிளாக். 
போனுக்கு எந்த எண்களைக் கொடுத்தாய். 
வக்கீல் வந்து பார்த்தாரா. 
யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

வழக்கில் என்ன நடந்தது என்பதை அங்கே பேசாதீர்கள். மனு நடக்கும் இடத்தில் ஜெயில் ஊழியர் கூடவே இருப்பார். சம்பவம் பற்றிய பேச்சை வக்கீல் பார்த்துக்கொள்வார். வக்கீலைச் சந்திக்கும்போது பேச்சு பிறர் காதில் விழாதபடி சந்திக்க விசாரணைக் கைதிக்கு உரிமை இருக்கிறது. சாட்சியாக வரப்போகிறவர் பெயரைச் சொல்லி "அவனிடம் பேசிப் பார்" என்று உள்ளே இருப்பவர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஜாமீனுக்கே அது உலை வைக்கும்.

குடிப்பழக்கம் உள்ளவராக இருந்தால் ஒரு வார்த்தை. தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், குழப்பம், வலிப்பு வரை போகலாம். உயிருக்கே ஆபத்து. மனு நாள் வரும்வரை காத்திருக்காமல், ரிமாண்ட் ஆன அன்றே வக்கீல் மூலமாகவும் ஜெயிலுக்குப் போன் செய்தும் ஜெயில் டாக்டருக்குத் தெரியப்படுத்துங்கள். வலிப்பு, சர்க்கரை, மனநல மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதே அவசரம்தான்.

6. போன்

ஜெயிலுக்குப் போன் போட்டு ஆளைக் கூப்பிடச் சொல்ல முடியாது. உள்ளே இருப்பவர்தான் ஜெயிலில் உள்ள கருவியிலிருந்து, முன்பே பதிந்த எண்ணுக்குப் பேசுவார். தமிழ்நாட்டில் 2023-ல் இதை மாதம் 10 அழைப்பு, ஒவ்வொன்றும் 12 நிமிடம் என்று உயர்த்தினார்கள். அதாவது மூன்று நாளுக்கு ஒரு முறை குரல் கேட்கலாம். மனுவைவிட வீட்டைப் பிடித்து வைப்பது இதுதான், ஆகவே இதில் கவனம் வையுங்கள்.

முதல் தடங்கல், எண் மனப்பாடமாக இல்லாதது. போனைப் போலீஸ் எடுத்து வைத்துவிட்டால் மனைவியின் எண்கூடப் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. முதல் கடிதத்திலேயே எண்களைப் பெரிதாக எழுதி அனுப்புங்கள். வக்கீல் போகும்போதும் சொல்லி அனுப்புங்கள்.

பதிவுக்குக் கொடுக்கும் சிம், பேசப்போகிறவர் பெயரில் இருப்பது நல்லது. மச்சான் பெயரில் வாங்கிய சிம்மை மனைவி வைத்திருந்தால் சரிபார்க்கும்போது இடிக்கும். அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் முடிந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரீசார்ஜ் முடிந்து சில நாளில் வரும் அழைப்பும் நின்றுவிடும், அது வீட்டுக்குத் தெரியவே தெரியாது. உள்ளே இருப்பவரோ "எடுக்க மாட்டேன் என்கிறாள்" என்று மனம் நொந்து போவார். அறிமுகமில்லாத எண்ணைத் தானாகத் தடுக்கும் வசதி போனில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். முதல் அழைப்பு வந்ததும் அந்த எண்ணைச் சேமியுங்கள். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர் என்றால், சிக்னல் கிடைக்கும் நேரம் எது என்று அவரிடம் சொல்லி, அந்த நேரத்திலேயே கூப்பிடச் சொல்லுங்கள்.

அழைப்பு வந்ததும் அதை இன்னொருவருக்கு இணைக்காதீர்கள், ரெக்கார்ட் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஜெயிலிலிருந்து வரும் அழைப்பு கண்காணிக்கப்படும். கான்ஃபரன்ஸ் போட்டது தெரிந்தால் அந்த வசதியே போய்விடும், பிறகு திரும்ப வாங்குவது பெரும் பாடு.

12 நிமிடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நிமிடம் வாய்தா, வக்கீல், பணம். அடுத்தது அம்மா. கடைசி ஐந்து நிமிடம் பிள்ளைகளுக்கு. பிள்ளைகளை முதலில் பேசவிட்டால் வேலை பேச நேரம் இருக்காது, பேசாமல் விட்ட வேலை அடுத்த மூன்று நாளுக்கு இரண்டு பக்கமும் உறுத்தும்.

7. கடிதம்

போன் வந்த பிறகு கடிதம் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். போனில் சொன்னது அன்றே கரைந்துபோகும். கடிதத்தை அவர் இருபது தடவை படிப்பார். கோர்ட் தேதி, போன் எண், பிள்ளையின் மார்க் போன்றவை அவர் கையில் காகிதமாக இருக்க வேண்டும்.

முகவரி இந்த அமைப்பில்:

பெயர் (ஜெயில் பதிவில் உள்ளபடி)
த/பெ அப்பா பெயர்
சிறைவாசி எண், பிளாக்
மத்திய சிறை, அஸ்தம்பட்டி
சேலம் – 636007

கடிதத்தை ஜெயிலில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அதனால் கோடு போட்ட தாளில் தெளிவாக, ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம். கிறுக்கலாக எழுதினால் படிக்கத் தாமதமாகும். வழக்கு விவரம், யார் மேலாவது கோபம், மறைபொருளாக ஏதாவது எழுதினால் கடிதம் நிறுத்தப்படும். ரூபாய் நோட்டை மடித்து உள்ளே வைக்காதீர்கள். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் 1, 2, 3 என்று எண் போடுங்கள். மூன்றாவது வந்து இரண்டாவது வரவில்லை என்றால் அவருக்கே தெரிந்துவிடும். உள்ளே உறை, தபால்தலை கிடைக்க நாளாகலாம், ஆகவே பதில் தாமதமானால் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா சொல்லச் சொல்லப் பேத்தி எழுதட்டும். அம்மா பேசும் பேச்சு எப்படியோ அப்படியே எழுதட்டும், திருத்த வேண்டாம்.

8. பணம், துணி, மருந்து

உள்ளே ரொக்கம் கையில் வைத்திருக்கக் கூடாது. வீட்டார் கட்டும் பணம் அவர் பெயரில் உள்ள சிறைக் கணக்கில் ஏறும். அதிலிருந்து கேன்டீனில் சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் வாங்கிக்கொள்வார், வரம்புக்குள்தான் செலவு செய்ய முடியும். எனவே ஒரே தடவையில் ஐயாயிரம் கட்டக் கடன் வாங்காதீர்கள். சின்னத் தொகையாக மாதம் தவறாமல் கட்டுவது போதும். கட்டிய ரசீதை நோட்டில் ஒட்டிவைத்து, அடுத்த அழைப்பில் கணக்கில் ஏறியதா என்று கேளுங்கள்.

வாசலில் நின்று "உள்ளே எனக்கு ஆள் இருக்கிறார், ஜி-பே பண்ணுங்கள், கொடுத்துவிடுகிறோம்" என்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "ஜெயிலிலிருந்து பேசுகிறோம், உங்கள் ஆளுக்கு ஆபரேஷன், உடனே பணம் அனுப்புங்கள்" என்று போன் வந்தாலும் அப்படித்தான். வைத்துவிட்டு ஜெயில் அலுவலக எண்ணுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள்.

விசாரணைக் கைதி சொந்தத் துணி உடுத்தலாம். சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். இரண்டு செட் போதும். நாடா, பெல்ட், கனமான உலோகப் பொத்தான் உள்ளதைத் தவிருங்கள். தண்டனைக் கைதிக்குச் சிறைத் துணிதான். சாப்பாட்டுப் பொருள் எதை அன்றைக்கு வாங்குகிறார்கள் என்று கேட்காமல் பை நிறைய வாங்கிப் போனால் அப்படியே தூக்கிக்கொண்டு திரும்புவீர்கள். மருந்தை நேராகக் கொடுக்க முடியாது. டாக்டர் சீட்டின் நகலையும் மாத்திரை அட்டையையும் கொடுத்து ஜெயில் மருத்துவமனைக்குத் தெரிவித்தால், டாக்டர் பார்த்து முடிவு செய்வார்.

9. அவர் கையெழுத்து வேண்டிய காகிதங்கள்

வக்காலத்து, வங்கிப் படிவம், பள்ளியில் டி.சி. வாங்க அப்பா கையெழுத்து என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். மனு நேரத்தில் கம்பி வழியாக நீட்டிக் கையெழுத்து வாங்க முடியாது. கண்காணிப்பாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, காகிதத்தை இணைத்து அலுவலகத்தில் கொடுங்கள். உள்ளே கையெழுத்தாகி, ஜெயில் அதிகாரி சான்றளித்து முத்திரையோடு வெளியே வரும். விண்ணப்பத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். கடைசி நாளுக்கு முதல் நாள் கொண்டுபோகாதீர்கள். ஒரு வாரம் கையில் இருக்கட்டும்.

10. கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம்

ரிமாண்ட் ஒவ்வொரு முறையும் 15 நாளுக்கு மிகாமல் நீட்டிக்கப்படும். முதல் முறை நேரில் நிறுத்துவார்கள், அடுத்த நீட்டிப்புகள் பெரும்பாலும் வீடியோவில் முடிந்துவிடும். கோர்ட் வாசலில் காலையிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நிற்கும் குடும்பத்துக்கு இது மாலையில்தான் தெரியவரும். நேரில் கொண்டுவருகிறார்களா என்று முந்தின நாள் வக்கீலிடம் கேளுங்கள். கொண்டுவந்தாலும் எஸ்கார்ட் போலீஸ் அனுமதித்தால்தான் பேச முடியும். வேனுக்குள் எதையும் நீட்டாதீர்கள்.

வாய்தா தேதியை இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்க்கலாம். வழக்குக்கு எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் (வழக்கின் அடையாள எண்) இருக்கும், அதை வக்கீலிடம் வாங்கி நோட்டின் முதல் பக்கத்தில் சேருங்கள்.

11. அவர் இடம் மாறும்போது

தொடர்பு அறுந்துபோவது பெரும்பாலும் இந்த மாற்றங்களில்தான்.

குண்டர் சட்டம் போட்டால் அவர் வகை மாறுகிறது, மனு முறையும் மாறுகிறது. பழைய பதிவை வைத்துக்கொண்டு போகாமல் ஜெயிலில் புதிதாகக் கேளுங்கள். அந்த உத்தரவின் நகல் அவரிடம் கொடுக்கப்படும். அதை உடனே வக்கீல் கைக்குக் கொண்டுசேர்ப்பது குடும்பத்தின் முதல் வேலை.

தண்டனையான பிறகு கோவை, வேலூர், திருச்சி, கடலூர் என்று வேறு மத்திய சிறைக்கு மாற்றலாம். இரண்டு மனுவுக்கு நடுவில் இது நடந்துவிடும். அழைப்பு திடீரென நின்று ஒரு வாரமானால் முதலில் சேலம் ஜெயிலில் மாற்றம் நடந்ததா என்று கேளுங்கள். போன் எண் பதிவும் பணமும் புதிய ஜெயிலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தனியாகக் கேட்க வேண்டும். வீட்டுக்குத் தூரமாகிவிட்டால், வயதான பெற்றோர், சிறு பிள்ளைகள், மருத்துவச் சீட்டு ஆகியவற்றைக் காட்டித் திரும்ப மாற்றக் கேட்டுச் சிறைத் துறைக்கு மனுக் கொடுக்கலாம்.

உடம்பு சரியில்லாமல் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தால் கைதிகள் வார்டில் காவலோடு வைத்திருப்பார்கள். நேரே வார்டுக்குப் போனால் காவலர் விடமாட்டார், அவர் மேல் தப்பில்லை. ஜெயில் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்டு, அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

12. வீட்டில் சாவு, கல்யாணம் என்றால்

முதலில் அவர் தண்டனைக் கைதியா, விசாரணைக் கைதியா என்று பாருங்கள். இரண்டுக்கும் வழி வேறு. தவறான கதவைத் தட்டினால் அடக்கம் முடிந்துவிடும்.

தண்டனைக் கைதிக்கு 1982-ஆம் ஆண்டு தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி அவசர விடுப்பு உண்டு. பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் இறப்பு, கடும் நோய், நெருங்கியவர் திருமணம் போன்றவற்றுக்குக் கேட்கலாம். இதைத் தவிர, மூன்று ஆண்டு தண்டனை கழித்தவர்கள் சாதாரண விடுப்புக் கேட்க முடியும். அதற்கு நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை தருவார். அவர் வரும் நாளில் வீட்டில் பெரியவர் ஒருவர் இருப்பதும், "வரட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அக்கம்பக்கத்தார் சொல்வதும் முக்கியம்.

விசாரணைக் கைதிக்கு ஜெயில் விடுப்புத் தர முடியாது. ரிமாண்ட் செய்த கோர்ட்டில் வக்கீல் மனுப் போட வேண்டும். இடைக்கால ஜாமீனாகவோ, காவலோடு வந்து போகவோ உத்தரவு கேட்கலாம்.

சாவு என்றால் கையில் இருக்க வேண்டியது: ஆஸ்பத்திரிச் சீட்டு அல்லது வி.ஏ.ஓ. கடிதம், உறவைக் காட்ட ரேஷன் கார்டு, அடக்கம் நடக்கும் ஊர், நேரம், பேசக்கூடிய ஒரு போன் எண். மலைக் கிராமம் என்றால் வண்டி எதுவரை வரும், அதற்கு மேல் எவ்வளவு நடக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். எஸ்கார்ட் ஏற்பாடு செய்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். அடக்க நேரத்தைச் சொந்தக்காரர்களிடம் பேசிக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

13. பிள்ளைகள்

அம்மா உள்ளே இருந்தால் ஆறு வயது வரை குழந்தையைக் கூட வைத்துக்கொள்ளலாம் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இருக்கிறது. வெளியே இருக்கும் பிள்ளையை மனுவுக்குக் கூட்டிப்போவதானால் ஆதார் அல்லது பிறப்புச் சான்றிதழ் வேண்டும். எங்கே போகிறோம், அப்பாவைத் தொட முடியாது, கொஞ்ச நேரம்தான் என்பதை முதல் நாள் ராத்திரியே சொல்லிவிடுங்கள். "அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லி வைத்திருந்து, கம்பிக்குப் பின்னால் அவரைக் காட்டினால் குழந்தை மிரண்டுபோகும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அது நம்பாது. பரீட்சை நேரத்தில் கூட்டிப்போக வேண்டாம், போனில் பேசவிடுங்கள்.

14. எதற்கும் பதில் இல்லையென்றால்

மனு மறுக்கப்பட்டால் வாசலில் வாக்குவாதம் செய்யாமல் காரணம் என்ன என்று கேட்டுத் தேதியோடு எழுதுங்கள். பிறகு ஜெயிலில் உள்ள நல அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கைதிக்கும் குடும்பத்துக்கும் நடுவில் பேசுவது அவர் பொறுப்பில் உள்ள வேலை.

அடுத்தது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில்தான் இருக்கிறது, ஜெயிலுக்கு வந்த அதே நாளில் போய்விடலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. மலையை விட்டு இறங்க முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் பேசலாம். நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர்கள் கேட்கும் விவரங்கள் அதில்தான் இருக்கின்றன.